லுங்கியும் சலங்கையும் கிட்டாரும்



ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஸ்ரீராம்புரத்தின் குறுக்குத் தெரு ஒன்றில் நடந்து சென்றால் எத்தனை விதமான பாடல்கள் உங்கள் காதில் விழுகின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? கீழ்வீட்டுத் தொலைக்காட்சியில் ஒரு தமிழ்த் திரைப்பாடல். எதிர்த்த டீக்கடையில் ராஜ்குமார் பாடிய பழைய கன்னடப் பாடல். திண்ணையில் பேரப்பிள்ளையைத் தூங்க வைக்கும் பாட்டியின் தாலாட்டு. அது வட ஆற்காட்டுப் பக்கத்துக் கிராமத்தில் அவர் தம் தாயிடம் கேட்டது, எங்கும் அச்சேறாதது. இவை எல்லாவற்றுக்கும் மேலே, மூன்றாம் மாடித் தகரக் கொட்டகையில், மாலை ஆராதனைக்கான வாலிபர் ஒத்திகை.

அந்த மாடியில் கிட்டார் பிடித்திருக்கும் பையனை நம் எல்லாருக்கும் தெரியும். அவன் நம்முடைய மகன். இல்லையென்றால் அக்காள் மகன். அவனுடைய தாத்தா மில் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தார். இன்று மந்திரி ஸ்கொயர் வளாகம் நிற்கும் இடத்தில் ராஜா மில் இருந்தது. தெற்கே பின்னி மில். சங்கு ஊதும் நேரத்தைக் கணக்கு வைத்தே இங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் உலை வைத்த காலம் அது. தகப்பனார் கடன் வாங்கி மகனைப் படிக்க வைத்தார். மகன் இப்பொழுது ஒரு கம்பெனியில் மாதச் சம்பளத்தில் இருக்கிறான். ஒரு நாள் இரவு சாப்பாட்டு வேளையில் அவன் சொல்லுகிறான்: "அப்பா, வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடி வெளியிடப் போகிறேன்."

எடுத்த கவளம் தகப்பனார் கையிலேயே நிற்கிறது. "சினிமாவில் கூப்பிட்டார்களா?" என்கிறார். "இல்லை, தனியாக." "தனியாக என்றால் சம்பளம் யார் கொடுப்பார்கள்?"

பரிகசிக்கத்தக்க கேள்வி அல்ல இது. மூன்று தலைமுறை உழைப்பு அதற்குள் இருக்கிறது. இதற்குப் பதில் சொல்ல உபதேசம் போதாது. ஆகவே இந்த வழியில் உண்மையாகவே நடந்து சென்ற ஒருவருடைய வரலாற்றை உங்கள் முன் வைக்கிறேன். அவர் நம்முடைய சபையார் அல்லர். நம்முடைய விசுவாசத்தைச் சேர்ந்தவரும் அல்லர். ஆகிலும் இந்தப் பெங்களூரிலேயே இருந்துகொண்டு, தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, கன்னடக் கவியைப் பாடி, சினிமாவின் தயவில் நில்லாமல் பேர் பெற்றவர். பெயர் ரகு தீட்சித்.

மைசூரில் ஒரு சவால்

ரகு தீட்சித் 1974-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மராட்டிய மாநிலத்தின் நாசிக்கில் பிறந்தார், வளர்ந்தது மைசூரில். ஆசாரமான தமிழ்ப் பிராமணக் குடும்பம். கர்நாடக சங்கீதத்துக்கும் பரதநாட்டியத்துக்கும் அந்த வீட்டில் இடம் இருந்தது. மேல்நாட்டு இசைக்கு இடமில்லை. பையன் முறையாகப் பரதம் பயின்றான். படிப்பிலும் கெட்டிக்காரன். மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலில் முதுகலைப் பட்டம் பெற்றபோது தங்கப்பதக்கமும் வாங்கினான். இத்தகைய மகனைப் பெற்ற தாய் தகப்பன் என்ன கனவு கண்டிருப்பார்கள் என்று உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரி நாட்களில், ஆண்பிள்ளை நாட்டியம் ஆடுவதைக் கேலி செய்த ஒரு தோழனோடு வாக்குவாதம் வந்தது. அவனிடம் கிட்டார் இருந்தது; இவரிடம் சலங்கை இருந்தது. "நான் கிட்டார் வாசித்துக் காட்டுகிறேன், பார்" என்று இவர் சபதம் செய்தார். ஆசிரியர் வைத்துக்கொள்ளாமல், கேட்டும் பார்த்தும் தாமாகவே கற்றுக்கொண்டார். ரோஷத்தில் எடுத்த கருவிதான் பிற்பாடு ஜீவனமாயிற்று.

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். சவாலில் வென்றபின் அவர் சலங்கையைத் தூக்கி எறியவில்லை. இன்றும் மேடையில் அவர் நிற்கும் கோலம் அதைச் சொல்லும்: பளபளக்கும் வண்ண லுங்கி, காலில் சலங்கை, தோளில் கிட்டார். இலண்டன் மேடையிலும் அதே கோலந்தான். நம் பிள்ளைகள் பலர் கிட்டாரைத் தொட்ட மறுநாளே கிழிந்த ஜீன்ஸ் வாங்க ஓடுவதைப் பார்க்கும்போது எனக்கு இந்த லுங்கி நினைவுக்கு வருவதுண்டு.

கதவுகள் திறவாத ஆண்டுகள்

1990-களின் பிற்பகுதியில் "அந்தராக்னி" என்ற பெயரில் நண்பர்களோடு ஒரு இசைக்குழுவைத் தொடங்கினார். உள்ளே எரியும் அக்கினி என்பது பொருள். இதற்கிடையே படிப்புக்கேற்ற வேலை பெல்ஜியம் நாட்டு மருந்து நிறுவனம் ஒன்றில் கிடைத்துப் போனார். நம்மில் எத்தனை பேர் அத்தகைய வேலைக்காக உபவாசித்து ஜெபிக்கிறோம்! அங்கே அவர் பாடிய பாடல்கள் ஒரு வானொலியில் ஒலிபரப்பாயின. பாஷை புரியாத ஜனங்களும் நின்று கேட்டார்கள். அந்த உற்சாகத்தில் வேலையை விட்டுவிட்டு, இசையே தொழில் என்று ஊர் திரும்பினார்.

கதைகளில் என்றால் அடுத்த அத்தியாயத்திலேயே ஜெயம் வந்துவிடும். வாழ்க்கையிலோ பல ஆண்டுகள் ஒன்றும் வரவில்லை. ஒலிநாடா நிறுவனங்களின் கதவுகளைத் தட்டினார். ஒவ்வொன்றும் மூடியே இருந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமல்ல. ஒரே மனிதர் கன்னடத்திலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பாடுகிறார். நாட்டுப்புறப் பாட்டா என்றால் கிட்டார் இருக்கிறது. மேல்நாட்டுப் பாட்டா என்றால் சொற்கள் தார்வாடு மண்ணின் வாசனை வீசுகின்றன. கடையில் இதை எந்த அலமாரியில் வைப்பது? விற்பவனுக்கு இந்தக் கேள்விதான் முதலாவது வரும். மேலும் அக்காலத்தில் இந்தியாவில் விற்ற இசையில் பெரும்பகுதி திரையிசை. படத்தின் விளம்பரமே பாட்டின் விளம்பரமாய் அமைந்துவிடுவதால் நிறுவனத்துக்கு அதில் துணிச்சல் உண்டு. தனி மனிதன் பாட்டுக்கு அந்தத் துணை இல்லை.

அந்தராக்னி குழுவும் நாளடைவில் கலைந்தது. அவரவர்க்குக் குடும்பம், அவரவர்க்கு வேலை. பிற்பாடு அவர் அமைத்தது "தி ரகு தீட்சித் பிராஜெக்ட்". பெயரிலேயே ஒரு படிப்பினை இருக்கிறது. இன்ன நான்கு பேர்தான் குழு என்று கட்டி வைக்காமல், பாட்டும் பாடகரும் நிலையாக இருக்க, வாசிப்போர் வந்து சேரவும் போகவும் வாசலைத் திறந்துவைத்த ஏற்பாடு அது. சபைப் பாடகர் குழு நடத்தியவர்களுக்கு இதன் அருமை தெரியும். தபேலாக்காரத் தம்பிக்கு இரவு வேலை மாறினால் நம் ஆராதனையே தடுமாறுகிறதல்லவா?

கடைசியில் கதவு திறந்தது மும்பையில். விஷால், சேகர் என்ற இரட்டை இசையமைப்பாளர்கள் இந்தித் திரையுலகில் பெயர் பெற்றவர்கள். அவர்கள் இவர் பாடுவதைக் கேட்டு, தாங்கள் புதிதாய்த் தொடங்கிய "கவுண்டர் கல்ச்சர் ரெக்கார்ட்ஸ்" என்ற நிறுவனத்தின் மூலம் 2008-இல் முதல் தொகுப்பை வெளியிட்டார்கள். எட்டுப் பாடல்கள். கலைந்துபோன பழைய குழுவின் பெயரான "அந்தராக்னி" என்பதையே அதற்கு வைத்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று. கிட்டாரை எடுத்து ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இந்தப் பதினான்கு ஆண்டுகளைத்தான் வாலிபர்கள் காதில் போட விரும்புகிறேன். கைப்பேசியில் ஒரு பாட்டைப் பதிவு செய்து வெள்ளிக்கிழமை ஏற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்குள் எத்தனை பேர் கேட்டார்கள் என்று நூறு தடவை பார்க்கும் தலைமுறை இது.

ஒழுகும் கூரையைப் பாடியவர்

ரகு தீட்சித்தின் முதல் தொகுப்பில் இரண்டு பாடல்களின் சொற்கள் அவருடையவை அல்ல. அவை சிசுநாள ஷரீப் என்ற கவியுடையவை. அந்தக் கவியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நிறைவு பெறாது.

வட கர்நாடகத்தில் இன்றைய ஹாவேரி மாவட்டத்தில் சிசுநாளம் என்றொரு கிராமம். 1819-இல் அங்கே ஒரு இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்தவர் ஷரீப். அவருக்குக் குருவாய் அமைந்தவர் களசத்து கோவிந்த பட்டர் என்ற பிராமணர். இரு சமூகத்தாரும் முகம் சுளித்த உறவு அது என்று சொல்லுவார்கள். 1889-இல் காலமாகுமட்டும் அவர் பாடிக்கொண்டே இருந்தார். பாடிய பொருள்களைப் பாருங்கள்: ஒழுகுகிற வீட்டுக்கூரை, புகை பிடிக்கும் குடுகுடி, கோழி குரங்கை விழுங்கிய விந்தை. எல்லாம் கிராமத்துக் கண் தினமும் காண்பவையும் வாய் வம்பளப்பவையுமே. ஆனால் ஒழுகுகிற கூரை மனிதனுடைய சரீரம் என்பதும், குடுகுடியில் எரிய வேண்டியது மனதின் அழுக்கு என்பதும் கேட்பவனுக்கு இரண்டாம் முறை கேட்கும்போது விளங்கும். உவமைகளால் போதிக்கப்பட்ட நமக்கு இந்த முறை அந்நியமல்ல.

கன்னடத்தில் கவிஞர்களின் கவிதைக்கு மெட்டமைத்துப் பாடும் "சுகம சங்கீதம்" என்றொரு மரபு உண்டு. சினிமாவுக்கு வெளியே அதற்கென்று ரசிகர்கள் உண்டு. அந்த மரபில் ஷரீப்பின் பாடல்களை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தவர், 2009-இல் காலமான சி. அஸ்வத். ஷரீப்பின் வாழ்க்கை 1990-இல் நாகாபரணாவின் இயக்கத்தில் படமாகவும் வந்தது. ஆக, ரகு தீட்சித் கையில் எடுத்தது மறந்துபோன சரக்கு அல்ல. ஊரார் வாயில் ஏற்கெனவே இருந்தது. அவர் செய்தது, அதை வேறு தாளத்தில் வைத்ததுதான். கிட்டாரின் ஓங்கிய அடி, வயலினின் இழைவு, குதித்து ஆடத் தூண்டும் மெட்டு. கன்னடம் படித்திராத வடநாட்டு மாணவர்களும் அந்தச் சொற்களை மனப்பாடமாய்ப் பாடினார்கள்.

இதில் ஸ்ரீராம்புரத்தாராகிய நமக்கு விசேஷமான ஒரு செய்தி இருக்கிறது. பாஷையின் நிமித்தம் இந்த நகரம் பட்ட காயங்களை நாம் அறிவோம். 1991-ஆம் ஆண்டு டிசம்பரில் காவிரியின் பேரால் நடந்தவற்றைப் பெரியவர்கள் இன்னும் மெல்லிய குரலில்தான் பேசுகிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கம்பெனியில் ஆங்கிலம் என்று மூன்று நாவோடு நம் பிள்ளைகள் வளருகிறார்கள். எதிலும் முழுமையில்லை என்று நாம் சில வேளைகளில் அங்கலாய்க்கிறோம். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவர், இஸ்லாமியர் ஒருவர் எழுதிய கன்னடப் பாட்டைத் தன் பாட்டாகவே பாட, கன்னட ஜனங்கள் அவரைத் தங்கள் பிள்ளை என்று ஏற்றுக்கொண்டார்கள் என்பதை அந்த அங்கலாய்ப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடல் கடந்து

2010-இல் இங்கிலாந்தில் பி.பி.சி. தொலைக்காட்சியில் ஜூல்ஸ் ஹாலண்ட் நடத்தும் இசை நிகழ்ச்சியில் பாடும் வாய்ப்பு வந்தது. அது அந்நாட்டில் பெயர் பெற்ற நிகழ்ச்சி. மறு ஆண்டு கிளாஸ்டன்பரி திருவிழா மேடை; அதே 2011-இல் "ஸாங்லைன்ஸ்" பத்திரிகையின் சிறந்த புதுமுகம் விருது. முப்பத்தாறு வயதில் புதுமுகம்! கன்னடத் திரைப்படங்களும் அழைத்தன. 2008-இல் வந்த "சைக்கோ", 2010-இல் வந்த "ஜஸ்ட் மாத் மாதல்லி" ஆகிய படங்களுக்கு இசையமைத்தார். சினிமாவைத் தேடி அவர் போனதைவிட, சினிமா அவரைத் தேடி வந்தது என்பதே பொருந்தும். இரண்டாம் தொகுப்பு "ஜக் சங்கா" 2013-இல் வெளிவந்தது. முதலுக்கும் இரண்டுக்கும் இடையே ஐந்து ஆண்டுகள். அவருடைய தம்பி வாசு தீட்சித்தும் "ஸ்வராத்மா" என்ற குழுவின் பாடகராகப் பெயர் பெற்றார். ஒரே வீட்டில் இரண்டு பேர். அந்தத் தாய் தகப்பனின் சாப்பாட்டு வேளைகள் எப்படி இருந்தனவோ!

சம்பளம் யார் கொடுப்பது?

இப்பொழுது தகப்பனாருடைய கேள்விக்கு வருவோம்.

சினிமாப் பாட்டில் பணம் வருகிற வழி எளிது. தயாரிப்பாளர் கொடுக்கிறார், பாட்டின் உரிமை ஒலிநாடா நிறுவனத்துக்குப் போகிறது. பல பதிற்றாண்டுகள், பாட்டு எழுதினவனும் மெட்டமைத்தவனும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுவதே வழக்கம். பாட்டு நாற்பது ஆண்டு வானொலியில் ஒலித்தாலும் அவன் வீட்டுக்கு ஒரு பைசா வராது. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் முதலானோர் போராடியதன் பலனாக 2012-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. எழுதினவனுக்கும் மெட்டமைத்தவனுக்கும் உரிய பங்கை அவனே நினைத்தாலும் கம்பெனிக்குத் தாரை வார்க்க இயலாதபடி அது காக்கிறது; அவனுக்குப் பின் வாரிசுகளைச் சேரும். அந்தப் பங்கை வசூலித்துக் கொடுக்க ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. அது 1969-இல் தொடங்கியது.

தனிப் பாடகனுக்கோ தயாரிப்பாளர் இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்து வாடகை, வாசிப்பவர் கூலி, ஒலி கோர்ப்பவர் கூலி, படம் பிடிப்பதானால் அதன் செலவு, எல்லாம் தன் மடியிலிருந்து. பாட்டின் உரிமை அவனிடமே இருக்கும்; அது மெய்யான ஆதாயம். ஆனால் ஒலிநாடாவும் குறுந்தகடும் போய், கைப்பேசியில் கேட்கும் காலம் வந்தபின், ஒருமுறை கேட்டால் வருவது பைசாக் கணக்கு. இலட்சம் பேர் கேட்டார்கள் என்று மகிழ்ந்தவன் கணக்கைப் பார்த்தால், அந்த மாத வீட்டு வாடகைக்கு அது காணாது.

ஆகவே சோறு போடுவது மேடை. கல்லூரி விழா, கம்பெனி ஆண்டு விழா, நகரத் திருவிழா, கலியாணம். கேட்க இனிமையாய் இருக்கிறது. ஒரு மேடைக்கு ஆறு பேர் புறப்பட வேண்டும். ஆறு பேருக்கும் பயணச் சீட்டு, தங்கும் அறை, கருவிகளுக்குச் சுமைக்கூலி, ஒலியமைப்பாளர், நிகழ்ச்சி பிடித்துக் கொடுத்தவருக்குப் பங்கு. எல்லாருக்கும் கொடுத்து முடித்தபின் மிஞ்சுவதே தலைவனுக்கு. மழையால் நின்றுபோனால் மிஞ்சுவது கடன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மேடைகள் ஒரே நாளில் அடைபட்டு, மாதக்கணக்கில் திறக்கவில்லை. மாதச் சம்பளக்காரன் அந்நாட்களில் வீட்டிலிருந்தபடி வேலை செய்தான். மேடையை நம்பினவனுக்கு வீட்டில் வேலை ஏது?

இதற்கும் மேலே ஒரு செலவு உண்டு. அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. வாரக்கடைசிதோறும் வெளியூர், நள்ளிரவுக்குமேல் உணவு, பிள்ளையின் பிறந்தநாளன்று விமான நிலையம். மேடையில் ஆயிரம் பேர் கைதட்டியபின் விடுதி அறைக்குத் திரும்புகிறவனுடைய தனிமையும், புகழ் அவனுக்குக் கொடுக்கிற மிதப்பும், இரண்டுமே அபாயமானவை.

நான் மறைக்க விரும்பாத ஒன்று

ரகு தீட்சித்தின் கதையை 2013-ஓடு நிறுத்தியிருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் வாசகர்களிடம் பாதிக் கதை சொல்லுவது முறையல்ல. 2018 அக்டோபரில், இசை, சினிமாத் துறைகளில் பெண்கள் தங்களுக்கு நேர்ந்தவற்றைப் பகிரங்கமாகச் சொல்லத் தொடங்கியபோது, இவர் தகாத விதமாய் நடந்துகொண்டார் என்ற புகாரும் வெளிவந்தது. அவர் அதைக் கட்டுக்கதை என்று தள்ளிவிடவில்லை. தாம் மன்னிப்புக் கேட்பதாகப் பகிரங்கமாக எழுதினார்.

நியாயந்தீர்ப்பதற்காக இதை எழுதவில்லை. ஆனால் தாலந்தும் நடக்கையும் ஒரே மூட்டையில் கட்டி வருவதில்லை என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்; நம் மேடைகளுக்கும் இது பொருந்தும். நன்றாகப் பாடுகிறான் என்ற ஒரே காரணத்துக்காக வாலிபனை முன்னே நிறுத்திவிட்டு, அவன் ஒத்திகைக்கு வரும் பெண்பிள்ளைகளிடம் எப்படிப் பேசுகிறான் என்று கேளாமல் இருந்த சபைகளும் உண்டல்லவா? இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். வரட்டும்.

நம் வீட்டிலேயே இருந்த வழி

"சினிமா இல்லாமல் பாட்டா?" என்று கேட்ட தகப்பனார் ஒன்றை மறந்துவிட்டார். அவர் அன்று காலை சபையில் பாடிய பாட்டு எந்தப் படத்தில் வந்தது? தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்கள் ஏறக்குறைய எல்லாமே சினிமாவுக்கு வெளியே பிறந்து, வெளியேயே பரவியவை. சகோதரி சாராள் நவரோஜி தாமே எழுதித் தாமே பாடினார். பாதர் பெர்க்மான்ஸ் அவர்களின் "ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள்" எண் வரிசையில் ஒலிநாடாவாகவும் குறுந்தகடாகவும் வீடு வந்து சேர்ந்தன. கன்வென்ஷன் பந்தலின் ஓரத்து மேசையில் வாங்கி, தேயுமட்டும் போட்டுக் கேட்ட ஒலிநாடா உங்கள் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கக்கூடும். "தனிப் பாடகன்" என்று உலகம் இப்பொழுது பேசுகிற முறையை நாம் பெயர் வைக்காமலே பல ஆண்டுகள் நடத்தி வந்திருக்கிறோம்.

இன்னும் பின்னே போனால் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் நிற்கிறார். 1774-இல் பிறந்து 1864 மட்டும் வாழ்ந்த அவர், சரபோஜி மன்னரின் காலத்தில், ஜனங்கள் தெருவில் பார்த்துப் பழகிய குறவஞ்சியையும் பெண்கள் கொட்டிய கும்மியையும் எடுத்து அவற்றில் தம் செய்தியை வைத்தார். "பெத்லகேம் குறவஞ்சி" அப்படிப் பிறந்தது. ரகு தீட்சித் ஷரீப்பை எடுத்துச் செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான்: ஜனங்களிடம் ஏற்கெனவே இருப்பதை வேறொரு பாத்திரத்தில் ஊற்றிக் கொடுப்பது. கடலுக்கு அப்பால் இலங்கையிலும், நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் தமிழில் "பொப்பிசை" என்று ஒன்றை உண்டாக்கி, சினிமாத் துணையில்லாமல் ஊரைப் பாட வைத்தார்கள். கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று புத்தி சொல்லும் பாடல்கூட நித்தி கனகரத்தினத்தின் வாயில் துள்ளலோடு வந்தது. நம் மதுவிலக்குப் பிரசங்கங்கள் அத்தனை தூரம் போனதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் நமக்குள் ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. பாட்டை எடுத்துக்கொள்கிறோம், எழுதினவர் பேரை விட்டுவிடுகிறோம். சாஸ்திரியாரின் பாடல்களையும் ஷரீப்பின் பாடல்களையும் யாரும் பாடலாம், பதிக்கலாம். ஆசிரியர் காலமாகி அறுபது ஆண்டுகள் கடந்தால் நம் நாட்டுச் சட்டப்படி எழுத்து பொதுச் சொத்தாகிறது. உயிரோடிருக்கிறவருடைய பாட்டு அப்படியல்ல. "கர்த்தருடைய பாட்டுத்தானே" என்று சொல்லி, இன்னொருவர் பாட்டைத் தன் குறுந்தகட்டில் சேர்த்து விற்றவர்கள் பலர். அந்த இன்னொருவரும் வீட்டு வாடகை கொடுக்கிறவர்தான்.

இனி அந்தச் சாப்பாட்டு வேளைக்கு. தகப்பனாருக்கு நான் சொல்லக்கூடியது, மகனிடம் கேட்க வேறு கேள்விகள் உண்டு என்பதே. உன்னிடம் சொந்தமாக எத்தனை பாட்டு இருக்கிறது? இரண்டா, இருபதா? எழுதின தேதியோடு ஒரு நோட்டில் வைத்திருக்கிறாயா? எந்தக் காகிதத்திலாவது படிக்காமல் கையெழுத்துப் போட்டாயா? மேடை இல்லாத ஆறு மாதத்தைத் தாண்ட வங்கியில் எவ்வளவு இருக்கிறது? வாசிக்கிறவனுக்குக் கூலி கொடுத்த பிறகு நீ எடுத்துக்கொள்ளுவாயா, அதற்கு முன்னா? வேலையை இன்றே விடத்தான் வேண்டுமா? தங்கப்பதக்கக்காரருக்கே முதல் தொகுப்பு வர முப்பத்து மூன்று வயது ஆயிற்று. உனக்கு இருபத்து மூன்று.

மகனுக்கும் ஒரு வார்த்தை உண்டு, அதிகம் இல்லை. மும்பையில் இன்று ஓடுகிற மெட்டை நீ எவ்வளவு அழகாக நகல் எடுத்தாலும், அதை உன்னைவிட நன்றாய்ச் செய்கிறவன் மும்பையிலேயே இருக்கிறான். திண்ணையில் உன் பாட்டி பாடுகிற தாலாட்டு மும்பையில் ஒருவனிடமும் இல்லை.

எதிர்த்த டீக்கடையில் விளக்கு அணைந்துவிட்டது. மாடியில் ஒத்திகை முடிந்து பையன் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி வருகிறான். நாளைக் காலை ஆறரைக்கு அவனுக்குக் கம்பெனிப் பேருந்து. பாட்டி இன்னும் தூங்கவில்லை.